கல்லுக்கு முன்னால் பெயர்கள்: மலையகத்தில் துயரம் நடந்த இடத்தை நினைவிடமாக்க ஒரு வழிகாட்டி

மலை சரிந்து லயத்தோடு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு) ஆட்கள் புதைந்த இடம். கூலி உயர்வு கேட்டு நின்றவர்கள் மேல் பொலிஸ் சுட்ட இடம். கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்கள் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்து கிடந்த காட்டுப் பாதை. மலையகத்தில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். அதில் ஒரு அடையாளமாவது இருக்கிற இடங்கள் கொஞ்சம்தான். மற்ற இடங்களில் மானா புல் வளர்ந்து மூடியிருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களும் வருடத்துக்கு ஒருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்த பிறகு, "எங்க தோட்டத்திலயும் ஒரு நினைவுச்சின்னம் வைக்கணும், எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிற இளம் ஆட்கள் அதிகமாகியிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் இந்த வேலையோடு கூட நின்றிருக்கிறேன். ஒன்று சரியாக நடந்தது, மற்றது சரியாக நடக்கவில்லை. இரண்டிலும் கற்றதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரியாக நடக்காத இடத்தில் நாங்கள் கல்லிலிருந்து தொடங்கினோம். எத்தனை அடி உயரம், யாரைக் கூப்பிட்டுத் திறப்பது, மாலை யார் போடுவது என்றே மூன்று கூட்டம் போயிற்று. கல் வந்து இறங்கிய பிறகுதான் அதில் வெட்ட வேண்டிய பெயர்களை எண்ணினோம். நான்கு பேருக்கு முழுப்பெயர் யாரிடமும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் கல் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

எதை நினைவுகூரப் போகிறீர்கள்

இதை ஒரு தாளில் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாத் துயரமும் ஒரே மாதிரி இல்லை, நினைவிடமும் ஒரே மாதிரி இருக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் ஒரே நாளில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சிங்களக் கிராமங்கள், புளத்கொஹுப்பிட்டியவில் களுபான தோட்டத்து லயம். இப்படிப்பட்ட இடங்களில் நினைவிடம் இறந்தவர்களைச் சொல்ல வேண்டும், கூடவே எச்சரிக்கை என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்தில் கூலிப் போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம், ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறோம். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். இங்கே ஒருவர் பெயர்தான் முன்னால் நிற்கும். என்ன கேட்டு நின்றார்கள் என்பதும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கோரிக்கையைச் சொல்லாமல் தியாகி என்று மட்டும் எழுதினால், இருபது வருடம் கழித்து வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது.

இன்னொரு வகை: இறந்தவர்களுக்கு நம் மண்ணில் சொந்தம் யாருமே இல்லாத இடம். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மார்ட்டின்எயார் விமானம், கொழும்பில் இறங்குவதற்கு முன்னால் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், மொத்தம் 191 பேரும் இறந்தார்கள். நோட்டன் பிரிட்ஜில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கடல் தாண்டி வர முடியாத சொந்தங்களுக்காக அந்த ஊர்க்காரர்கள்தான் அந்த நினைவைச் சுமக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு இடம் இருந்தால் அதுவும் உங்கள் பொறுப்புத்தான்.

சரியான இடமே தெரியாத துயரமும் உண்டு. இந்தியாவிலிருந்து தலைமன்னார்ப் பக்கம் வந்து இறங்கி மாத்தளை வரை நடந்தே வந்த காலத்தில் வழியில் இறந்தவர்களுக்கு எந்த இடத்தில் கல் நடுவது? 2023இல், நம்மாட்கள் வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்த 'மலையகம் 200'ஐ ஒட்டி, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்தார்கள். அந்த நடையே ஒரு நினைவிடம்தான். இடம் நிச்சயமில்லாதபோது ஏதோ ஒரு மேட்டைக் காட்டி "இங்கேதான்" என்று கல் நடாதீர்கள். நடக்கலாம், வழியில் நின்று பெயர் சொல்லலாம், கோயிலில் விளக்கேற்றலாம்.

பெயர்ப் பட்டியல்

இதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் இங்கேதான் பிழை வரும்.

ஒரு பெரிய ஒற்றை ரூல் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் இவை இருக்கட்டும்: வீட்டில் கூப்பிட்ட பெயர், செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) இருந்த பெயர், அடையாள அட்டையில் இருந்த பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, எந்த லயம், எத்தனையாவது காம்பரா (லயத்து வீடு), என்ன வேலை, உடல் கிடைத்ததா இல்லையா, இதை யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் திரும்பப் போய்க் கேட்க அதுதான் வழி.

ஒரே ஆளுக்கு ஏன் மூன்று பெயர் என்று வெளியாட்கள் கேட்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் பாப்பா, செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய முத்தாயி, அடையாள அட்டையில் வேறு மொழிக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய ஏதோ ஒன்று. அதனால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணுவதும் நடக்கும், இரண்டு பேரை ஒருவராக எண்ணுவதும் நடக்கும். மீரியபெத்தவில் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் காணாமல் போனதாகச் செய்தி வந்தது, பிறகு அந்த எண்ணிக்கை இறங்கியது. எண் மட்டும் கையில் இருந்தால் இப்படித்தான் ஏறி இறங்கும். பெயரோடு எழுதிய பட்டியல் அப்படி ஆடாது.

லயத்துக் கணக்கில் கேளுங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு அம்மாயி. "யாரெல்லாம் இறந்தாங்க?" என்று நான் கேட்டபோது அவருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் ஞாபகம் வரவில்லை, அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ச் சுளகையும் ஒரு பிடி அவரைக்கொட்டையையும் எடுத்து வந்தார். லயத்தின் ஓரத்து வீட்டைத் தொங்கக் காம்பரா என்போம். அதிலிருந்து தொடங்கிச் சுளகில் கொட்டைகளை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். "இது தொங்கக் காம்பரா. இதில கங்காணி வீடு. இது அடுத்தது, புருசன் இல்ல, மூணு புள்ளைங்க." ஒவ்வொரு கொட்டைக்கும் உள்ளே இருந்தவர்களைச் சொல்லிக்கொண்டே போனார். எட்டாவது கொட்டையில் விரல் நின்றது. "இங்க அந்த வாரம் ஒரு புள்ள வந்திருந்துச்சி. இந்த வீட்டுப் பொம்பளையோட தங்கச்சி மக. வெளித் தோட்டம். அதை யாரும் எழுதியிருக்க மாட்டாங்க."

எழுதியிருக்கவில்லை. கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் அந்தப் பிள்ளை இல்லை, தோட்டத்துப் பட்டியலிலும் இல்லை. நாங்கள் அடுத்த மாதம் அந்த வெளித் தோட்டத்துக்குப் போய்த் தாயைப் பார்த்துத்தான் பெயரை வாங்கினோம். இப்போது கல்லில் இருக்கிறது.

விருந்துக்கு வந்தவர்கள், பிறப்புப் பதியாத கைக்குழந்தைகள், கொழும்பில் கடையில் வேலை பார்த்து லீவுக்கு வந்தவர்கள், வயிற்றுப் பிள்ளையோடு இருந்தவர்கள். இந்த நான்கு வகையையும் தனியாகக் கேளுங்கள்.

தாளில் இருப்பதைத் தேடுவது

ஞாபகத்தோடு பத்திரமும் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், உங்கள் கையில் இருக்கிற நல்ல கருவி. பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் பட்டியல், இழப்பீடு கொடுத்த விபரம், அந்த இடத்துக்கு முன்னர் கொடுக்கப்பட்ட எச்சரிக்கைக் கடிதங்களின் பிரதிகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சம்பவம் என்றால் பத்திரிகைதான் வழி. வீரகேசரி 1930இலிருந்து வருகிறது, தினகரன் 1932இலிருந்து. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய இதழ்களைப் பார்க்கலாம். போவதற்கு முன்னால் 'நூலகம்' என்கிற இணையத்தளத்தில் தேடிவிடுங்கள், மலையகத்துச் சிற்றிதழ்களும் சங்க மலர்களும் அங்கே நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன. தோட்டத்தின் பழைய பெயரும் எல்லையும் குழப்பமாக இருந்தால் ஆங்கிலேயர் காலத்து விபரக் கொத்தான பேர்கசன் டிரெக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் பட்டியல் இருக்கும். நம்மாட்கள் கூப்பிடுகிற பெயர் ஒன்றாகவும் தாளில் இருக்கிற பெயர் இன்னொன்றாகவும் இருப்பது வழக்கம், இரண்டையும் பொருத்தி வையுங்கள். செக்ரோல் பெயரைச் சரிபார்க்கச் சேமலாப நிதி அட்டை உதவும், அநேகமாகக் குடும்பத்தார் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

குடும்பங்களிடம் கேட்பது

பட்டியல் ஓரளவு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கை தூக்கச் சொல்வது போதாது. கூட்டத்தில் தோட்டத் தலைவர் முன்னால் இருக்கும்போது ஒரு விதவை "எனக்கு இது வேணாம்" என்று சொல்ல மாட்டார்.

மூன்று விடயம் கேளுங்கள். பெயர் போடலாமா? படம் போடலாமா? எப்படி எழுதுவது? மூன்றாவது கேள்விதான் கனமானது. உடல் கிடைக்காதவரை "இறந்தவர்" என்று எழுதுவதைச் சில குடும்பங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கருமாதி செய்து முடித்த குடும்பம் "காணாமல் போனவர்" என்று எழுதினால் வேதனைப்படும். இரண்டையும் ஒரே தலைப்பின் கீழே அடைக்காமல், "இந்த மண்ணில் நாம் இழந்தவர்கள்" என்று பொதுவாக எழுதிப் பெயர்களை மட்டும் போட்டோம். யாருக்கும் உறுத்தவில்லை.

வேண்டாம் என்கிற குடும்பம் வேண்டாம் என்றே இருக்கட்டும். ஒரு வெற்றுக் கோடு விட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களே வந்து கேட்டால் வெட்ட இடம் இருக்கும்.

சமயமும் இங்கேயே பேசித் தீர்த்துவிட வேண்டிய விடயம். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் கலந்த இடத்தில் சூலமோ சிலுவையோ கல்லின் தலையில் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். சிங்களக் குடும்பம் ஒன்று இருந்தாலும் அவர்களைக் கமிட்டியில் சேருங்கள். மண் சரியும்போது அது இனம் பார்த்துச் சரியவில்லை.

நிலம் யாருடையது

இங்கேதான் புதியவர்கள் மாதக்கணக்கில் சுற்றுவார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். தோட்டக் காணி அநேகமாக அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, காணி குத்தகையாகத்தான் போனது. ஆகவே துரை (தோட்ட முகாமையாளர்) "சரி, வச்சிக்கோங்க" என்று வாயால் சொன்னது அடுத்த துரை வந்தால் செல்லாது. தோட்ட முகாமையாளருக்கும் கம்பனித் தலைமை அலுவலகத்துக்கும் எழுத்தில் கேளுங்கள், பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் அனுப்புங்கள். எத்தனை பேர்ச் காணி, எந்த நம்பர் மலை (தோட்டத்தின் எந்தப் பகுதி), யார் பொறுப்பு என்று கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். ஒரு வரைபடமும் வையுங்கள். கையால் கீறியதே போதும், ஆனால் அதில் ரோட்டும் தண்ணீர்க் கானும் கோயிலும் குறித்திருக்க வேண்டும்.

"தோட்டத்துக்குள்ளே நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று பிரதேச சபையில் முன்பெல்லாம் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது, தோட்டங்களிலும் சபை வேலை செய்யலாம். பழைய பதிலைச் சொன்னால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். பாதை, வேலி, மின்விளக்கு இவற்றுக்குச் சபையிடமே கேட்கலாம்.

மண்சரிவு இடம் என்றால் இன்னொரு படி கட்டாயம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கை. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சரிந்த மலை திரும்பவும் சரியும். புதைந்த இடத்தின் மேலேயே கல்லை நட்டு, வருடா வருடம் மழைக்காலத்தில் அங்கே இருநூறு பேரைக் கூட்டுவது செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. புதைந்த இடத்தில் ஒரு சின்ன அடையாளம் போதும், ஒரு வேலி, ஒரு மரம். பெயர்க் கல்லையும் ஆட்கள் கூடுகிற மேடையையும் அறிக்கை பாதுகாப்பானது என்று காட்டுகிற நிலத்தில், அந்த மலையைப் பார்த்தபடி வையுங்கள்.

சட்டத்தில் அடையாளமாவது

வரலாற்றுச் சின்னமாக அரசாங்கம் அறிவிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதற்கான சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அதில் ஒரு கோடு இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை நாள் அது. அந்த நாளுக்கு முந்தியது புராதன நினைவுச்சின்னம், தானாகவே பாதுகாப்பு உண்டு. பிந்தியதற்கு அப்படி இல்லை.

நம்மாட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்தது 1823இலிருந்து என்று கணக்கு வைக்கிறோம். ஆகவே நம்முடைய லயம், நம்முடைய மயானம், நம்மவர் விழுந்த இடம் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழும். இருநூறு வருடத்தில் ஒன்றுகூடத் தானாகப் பாதுகாக்கப்படாது. இதை முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துப் போயிற்று.

வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, 1815க்குப் பிந்திய ஒன்றையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கலாம். இதற்காகத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு எழுதுங்கள். அவர்களுக்குத் தேவை ஒரு பொருள்: மிச்சமிருக்கிற லயத்துச் சுவர், பழைய ஸ்டோர், கல்லறை, பிரட்டுக்களத்து (காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடத்து) மணி. நேற்று நீங்கள் நட்ட புதுக் கல்லை யாரும் வர்த்தமானியில் போட மாட்டார்கள். அதனால் பழைய சுவரை இடிக்க விடாதீர்கள். புது வீடு கட்டும்போது ஒரே ஒரு காம்பராவையாவது அப்படியே விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. உங்கள் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு காம்பராவின் அகலம் என்ன, அதற்குள் எத்தனை பேர் படுத்தார்கள் என்று பார்க்கும்போதே பாதி வேலை புரிந்துவிடும்.

வர்த்தமானி வர வருடங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். பிரதேச சபையில் தீர்மானம் நிறைவேற்றி, பாதைக்கோ சந்திக்கோ பெயர் வைக்கக் கேளுங்கள். பாடசாலை அதிபரிடம் பேசி, அந்த நாளில் காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசிக்க வையுங்கள். டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம், சுனாமியில் இறந்தவர்களோடு எல்லா அனர்த்தத்திலும் இறந்தவர்களுக்காகக் காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுக்க மௌனமாக நிற்கிறார்கள். மண்சரிவு நடந்த தோட்டத்திலும் அந்த இரண்டு நிமிடம் நின்றால், கிராம உத்தியோகத்தரும் அதிபரும் வழக்கமாகச் செய்கிற வேலைக்குள் உங்கள் இடமும் சேர்ந்துவிடும்.

கல்லும் எழுத்தும்

இப்போதுதான் கல். நம்முடைய ஊர் மழைக்குச் சீமெந்தில் பூசி பெயின்ட் அடித்த எழுத்து இரண்டு வருடம் தாங்காது. பித்தளைத் தகடு களவு போகும். கருங்கல்லில் ஆழமாக வெட்டுங்கள், பாசி பிடித்தாலும் பிரஷ்ஷால் தேய்த்து வாசிக்கலாம். கல்லைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து வைத்தால் எழுத்தில் தண்ணீர் தேங்காது என்று நினைக்காதீர்கள், சாய்ந்த கல்லில்தான் பாசி அதிகம். நேராக நிறுத்தி மேலே ஒரு சின்னக் கூரை போடுவது நல்லது.

பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று நிறைய யோசித்தோம். அகர வரிசை என்றால் தாய் ஒரு மூலையிலும் பிள்ளை இன்னொரு மூலையிலும் போய்விடுவார்கள். அந்த அம்மாயியின் சுளகில் இருந்த வரிசையையே எடுத்தோம். தொங்கக் காம்பராவில் தொடங்கி, வீடு வீடாக, பக்கத்து வீட்டார் பக்கத்திலேயே வருகிற மாதிரி. முதல் நாள் வந்து வாசித்தவர்கள் கையை வைத்துக் கல்லில் நடந்து போனார்கள், லயத்து வாசலில் நடப்பது போலவே.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் வாசிக்கத் தமிழ், அலுவலகத்தாரும் பக்கத்துக் கிராமத்தாரும் வாசிக்கச் சிங்களம். தமிழ் முதலில் இருக்கட்டும். கல் வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அது அவர் குற்றமில்லை. ஆனால் ன, ண, ர, ற, சுழி, புள்ளி எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும். கணினியில் அடித்துக் கொடுத்தாலும் எழுத்துரு மாறி, "கொ" இரண்டாக உடைந்து வந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. உண்மையான அளவில் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் காட்டி, பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வெட்டக் கொடுங்கள். கல்லில் பிழை வந்தால் அழிரப்பரால் அழிக்க முடியாது.

மண்சரிவு இடம் என்றால் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பலகை வையுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 என்றால் தயாராகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று சொல்கிற எச்சரிக்கைகள் இந்த அளவுகளை ஒட்டியவை. கூடவே ஒரு மழைமானியும் வைத்து, தினமும் அதைப் பார்க்க ஒரு ஆளையும் போட்டுவிடுங்கள். எச்சரிக்கை வந்தும் யாரும் நகராமல் இறந்தவர்களின் நினைவிடத்தில் இது இருப்பது நியாயம்.

உதவி செய்தவர்கள் பெயர் போட வேண்டுமா? போடுங்கள், கல்லின் பின்பக்கத்தில், இறந்தவர்களின் எழுத்தைவிடச் சின்ன எழுத்தில். இதைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும்.

திறக்கிற நாள்

சுருக்கமாகச் சொல்கிறேன். பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள், ஒலிபெருக்கிக்குத் தனியாக அனுமதி வாங்குங்கள். துப்பாக்கிச் சூடு நடந்த இடமாக இருந்தால் இதில் இன்னும் கவனம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை எச்சரிக்கை இருந்தால் நாளைத் தள்ளுங்கள், வந்தவர்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. திரையைக் குடும்பத்தார் விலக்கட்டும். பெயர்களை வாசிக்கப் பிள்ளைகளை விடுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் தப்பு மேளம் ஒருமுறை அடித்தால் போதும். பேச்சு இரண்டுக்கு மேல் வேண்டாம். தேத்தண்ணியும் பணிசும் எல்லோருக்கும் கிடைக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள், தூரத்துத் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருப்பார்கள்.

அடுத்த வருடம்

முதல் வருடம் ஐந்நூறு பேர் வருவார்கள். மூன்றாவது வருடம் முப்பது பேர். அதற்குள் கமிட்டியில் இரண்டு பேர் கொழும்புக்கு, ஒருவர் வெளிநாட்டுக்குப் போயிருப்பார்கள். ஆகவே பராமரிப்பை ஆள் பெயரில் விடாதீர்கள், ஒரு இடத்தின் பெயரில் விடுங்கள். கோயில் கமிட்டி, மாதர் சங்கம், பாடசாலை, மூன்றில் எது உங்கள் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறதோ அதன் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். வருடத்துக்கு நான்கு முறை புல் வெட்ட வேண்டும், ஒருமுறை கானைத் துப்புரவாக்க வேண்டும், நினைவு நாளுக்கு முந்தின வாரம் எழுத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கம்பிப் பிரஷ் வேண்டாம், கல் கீறும். தேங்காய்த் தும்பு போதும்.

பெயர்க் கொப்பியை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலை நூலகத்தில், ஒன்று கோயில் அலுமாரியில், ஒன்று ஸ்கேன் செய்து தோட்டத்துக்கு வெளியே இருக்கிற ஒருவரிடம். புதிய பெயர் வந்தால் மூன்றிலும் எழுதுங்கள். வரும். எங்கள் கல் நட்டு இரண்டாவது வருடம், நினைவு நாள் முடிந்து எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தபோது, இரத்தினபுரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் எட்டாவது காம்பராவின் பெயர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் கேட்டேன். "என் தம்பியும் இங்கதான் இருந்தான்" என்றார். கொப்பியைத் திறந்து புதுப் பக்கம் எடுத்தேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்காக வெற்றுக் கோடு ஒன்று கல்லில் இருந்தது.